கொள்ளை நோய்க் காலங்கள் – 14: கணக்கில் சிக்காத சாவு

ஹாங்காங்கின் தைப்பிங்ஷான் குடியிருப்புக்குள் 1894இல் பட்டாளம் நுழைந்து வீடு வீடாகச் சுண்ணாம்பு அடித்ததையும், சீனர்கள் கொதித்தெழுந்ததையும் சென்ற பகுதியில் பார்த்தோம். இரண்டே ஆண்டுகளில் அதே நோய் பம்பாயில் கரையேறியது. துறைமுகத்தை ஒட்டி மாண்ட்வி என்றொரு பகுதி. தெருவெல்லாம் தானியக் கிடங்குகள். கிடங்குகளுக்கு மேலேயும் பின்னாலேயும் நெருக்கியடித்துக் குடித்தனங்கள். 1896இல் மூட்டைகளுக்கு நடுவே எலிகள் செத்து விழ ஆரம்பித்தன. அந்த வட்டாரத்தில் வைத்தியம் பார்த்துவந்தவர் கோவாவைச் சேர்ந்த டாக்டர் அகாசியோ காப்ரியேல் வீகஸ். கடும் காய்ச்சலோடு தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டிய நோயாளிகளை அடுத்தடுத்துப் பார்த்தவர், செப்டம்பர் மாதம் மாநகராட்சி நிலைக்குழுவில் எழுந்து, இது பிளேக் என்று சொன்னார்.

கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பம்பாய்க்குப் பிளேக் என்று பெயர் விழுந்தால் அங்கிருந்து போகும் பருத்தியையும் தானியத்தையும் எந்த நாட்டுத் துறைமுகமும் இறக்கவிடாது என்பது வியாபாரிகளுக்குத் தெரியும், அதிகாரிகளுக்கும் தெரியும். ‘சந்தேகத்துக்குரிய காய்ச்சல்’ என்று எழுதிச் சில நாட்களை ஓட்டினார்கள். காலரா தடுப்பூசியோடு 1893 முதலே இந்தியாவில் சுற்றிக்கொண்டிருந்த வால்டெமார் ஹாஃப்கினை அரசு பம்பாய்க்கு அனுப்பியது. ஒடெசாவில் பிறந்த யூதர். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை கற்றவர். அக்டோபரில் வந்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதிப்படுத்திய பிறகு மறுக்க வழியில்லாமல் போயிற்று.

மாநகராட்சி ஆணையர் பி.சி.எச். ஸ்னோ கையில் 1888ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அக்டோபர் 6 அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பிளேக் என்று சந்தேகப்பட்டால் போதும், நோயாளியைக் குடும்பத்தின் சம்மதமில்லாமலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், வீட்டுக்குள் புகுந்து மருந்து தெளிக்கலாம், சாமான்களைக் கொளுத்தலாம். நோயாளிகள் கொண்டுபோகப்பட்ட இடம் ஆர்தர் ரோடு தொற்றுநோய் ஆஸ்பத்திரி. (இப்போது அதன் பெயர் கஸ்தூர்பா மருத்துவமனை. 2020 மார்ச்சில் மும்பையின் முதல் கொரோனா நோயாளிகளைச் சேர்த்ததும் அங்கேதான்.)

ஆர்தர் ரோடு என்றால் பஞ்சாலைத் தொழிலாளர்களின் அக்கம்பக்கம். ஆம்புலன்ஸ் வண்டி வாசலில் நிற்கிறது, உடம்பு முடியாதவரைத் தூக்கிப் போடுகிறார்கள், மூன்றாம் நாள் செத்துவிட்டதாகச் செய்தி வருகிறது. இதையே மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் அக்டோபர் 29 அன்று பொறுமை இழந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். உள்ளே ஆட்களைக் கொன்று உடம்பிலிருந்து எண்ணெய் இறக்குகிறார்கள் என்றொரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட விசித்திரமான இன்னொன்று: அந்த மாதத்தில்தான் நகரின் விக்டோரியா ராணி சிலைக்கு யாரோ தார் பூசிச் செருப்பு மாலை போட்டிருந்தார்கள், ராணியின் கோபம் தணிய நோயாளிகளின் உள்ளுறுப்புகளை எடுத்துச் சீமைக்கு அனுப்புகிறார்களாம். சிலைக்குத் தார் பூசியது யார் என்பது அப்போது தெரியாது. பின்னால் வேறொரு வழக்கில் அகப்பட்ட ஒருவர் அதைத் தன் செயல் என்று எழுதிவைத்தார். அவர் இந்தக் கதைக்குள் மறுபடி வருவார்.

ஸ்னோ பின்வாங்கினார். வீட்டிலேயே ஒதுக்கி வைத்துப் பார்த்துக்கொள்ள வசதி இருந்தால் நோயாளியைக் கட்டாயமாக எடுத்துச் செல்லமாட்டோம் என்று மாத முடிவில் அறிவித்தார். கல்லெறிக்குப் பயந்து இறங்கிவந்தார் என்று இதைப் படிப்பது எளிது. அவர் பயந்தது வேறொன்றுக்கு. பம்பாயின் மலத்தையும் குப்பையையும் வாரிக்கொண்டிருந்த ஹலால்கோர்களும் தோட்டிகளும் கிலிபிடித்து ஊரைவிட்டுப் போய்விட்டால் நகரம் ஒரு வாரம்கூடத் தாங்காது. பிளேக்கை அடக்கப்போய்க் காலராவை அழைத்துவர அவர் தயாரில்லை. அதிகாரத்தின் உச்சியில் இருந்தவர், தன் அதிகாரம் யாருடைய துடைப்பத்தின் மேல் நிற்கிறது என்பதைச் சரியாகக் கணித்திருந்தார்.

தோட்டிகள் இருந்தார்கள், மற்றவர்கள் போனார்கள். 1891 கணக்கெடுப்பில் பம்பாயின் மக்கள்தொகை 8,21,764. 1897 பிப்ரவரிக்குள் ஏறக்குறைய 4 லட்சம் பேர் ரயிலிலும் படகிலும் கால்நடையாகவும் வெளியேறிவிட்டார்கள். ஆலை முதலாளிகள் தெருமுனையில் நின்று கூலியை ஏலம் போடவேண்டி வந்தது. மாதச் சம்பளத்துக்குப் பழகிய ஆலைகள் அன்றாடம் மாலையில் காசு எண்ணிக் கொடுத்தன. போனவர்களோடு நோயும் போனது. கராச்சி, பூனா, கொங்கணத்தின் சிற்றூர்கள் என்று பெயர்கள் கூடிக்கொண்டே வந்தன.

இனி இந்தப் பகுதியின் மையமான கேள்விக்கு வருவோம். எத்தனை பேர் செத்தார்கள்? பிளேக் வந்த நூறு பேரில் எத்தனை பேர் பிழைத்தார்கள்? கட்டுப்பாடு வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் இந்தக் கேள்வியின் மேல் நின்றுதான் சண்டை போட்டார்கள். விடை இருவர் கையிலும் இல்லை.

அன்றைய பம்பாயில் பெரும்பாலான சாவுகளுக்கு டாக்டர் சான்றிதழ் கிடையாது. சுடுகாட்டிலும் இடுகாட்டிலும் உட்கார்ந்திருந்த பதிவாளர், உறவினர் சொல்வதை எழுதிக்கொள்வார். பிளேக் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று உறவினருக்குத் தெரியும்: வீட்டுக்கு மருந்தடிப்பார்கள், துணிமணியை எரிப்பார்கள், மிச்சமிருப்பவர்களை முகாமுக்குக் கொண்டுபோவார்கள். எனவே ‘காய்ச்சல்’ என்றார்கள், ‘சளி’ என்றார்கள், ‘க்ஷயம்’ என்றார்கள். திடீரென்று நகரத்தில் சாதாரணக் காய்ச்சலால் சாகிறவர்களின் எண்ணிக்கை ஏறியது. நுரையீரல் நோய்களும் ஏறின. இதைக் கவனிக்காத அளவுக்கு அதிகாரிகள் முட்டாள்கள் இல்லை. முந்தைய ஐந்தாண்டுகளில் அதே வாரத்தில் சராசரியாக எத்தனை சாவு, இப்போது எத்தனை என்று கழித்துப் பார்த்தார்கள். கொரோனா காலத்தில் ‘மிகை இறப்பு’ என்று நாம் கேள்விப்பட்ட அதே கணக்கு. பிளேக் என்று பதிவான சாவுகளைவிட இந்த மிகை எப்போதும் பெரிதாகவே இருந்தது. அந்தக் கழித்தலும் முழு உண்மையைச் சொல்லாது. பாதி நகரம் வெளியேறிவிட்டதே! ஆள் பாதியானால் வழக்கமான சாவும் குறைந்திருக்க வேண்டும். எதிலிருந்து எதைக் கழிப்பது?

விகிதத்தின் கதை இன்னும் மோசம். ஒரு பேச்சுக்கு நூறு பேருக்கு நோய் வருகிறது, ஐம்பது பேர் சாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிழைத்த ஐம்பது பேரில் நாற்பது பேர் நெறி வற்றும்வரை வீட்டுக்குள்ளேயே பதுங்கியிருந்து, யாருக்கும் சொல்லாமல் எழுந்து நடமாடிவிடுகிறார்கள். செத்த ஐம்பது பேரில் பத்துப் பேரை வேறு காய்ச்சல் என்று சொல்லி எரித்துவிடுகிறார்கள். அரசுப் புத்தகத்தில் ஏறுவது என்ன? நோயாளிகள் 50, சாவு 40. நூற்றுக்கு ஐம்பதாக இருந்த விகிதம் நூற்றுக்கு எண்பது ஆகிவிட்டது. அதே சமயம் மொத்தச் சாவில் பத்து காணாமல் போனது. அதாவது, மறைக்க மறைக்க நோயின் பரப்பு சிறியதாகவும் அதன் கொடூரம் பெரியதாகவும் தெரிகிறது. உயிரை மறைப்பது எளிது, பிணத்தை மறைப்பது கஷ்டம்; இந்த வித்தியாசம்தான் கணக்கைக் கோணலாக்கியது.

நெறி கட்டும் வகைப் பிளேக் மருந்தில்லாமல் விடப்பட்டால் நூற்றில் 30 முதல் 60 பேரைக் கொல்லும் என்று இன்றைய உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நுரையீரலைத் தாக்கும் வகை, சிகிச்சை இல்லாவிட்டால், கிட்டத்தட்ட எல்லாரையும் கொல்லும். 1897இல் பம்பாயில் இருந்தவருக்கு இந்த எண்கள் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அது வதந்தி அல்ல, கண்கூடு. மறைக்க முடிந்தவரை மறைத்துவிட்டு, நினைவு தப்பிய பிறகே நோயாளியை விட்டுக்கொடுத்தார்கள். அப்படிப் போனவர் மறுநாளே செத்தார். செத்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் இன்னும் கெட்டியாக மறைத்தார். அதிகாரிகளின் அறிக்கைகள் இதற்கு ‘அறியாமை’ என்று பெயரிட்டன. என் கணிப்பில், தன் கண்முன் இருந்த புள்ளிவிவரத்தை அந்த ஆலைத் தொழிலாளி சரியாகத்தான் வாசித்தார். அந்தப் புள்ளிவிவரம் எப்படி உருவானது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அறிக்கை எழுதியவர்களில் பலருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

நகரத்துக்குள் இப்படி இருக்க, வெளியே ஐரோப்பா பொறுமையிழந்துகொண்டிருந்தது. 1897 தொடக்கத்தில் வெனிஸ் நகரில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. இந்தியச் சரக்குகளுக்கும் ஹஜ் பயணிகளுக்கும் கதவடைப்போம் என்ற மிரட்டல் காற்றில் இருந்தது. கல்கத்தாவில் வைஸ்ராய் எல்ஜின் பிரபுவின் மன்றம் பிப்ரவரி 4 அன்று கொள்ளை நோய்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அன்று மொத்தமே நான்கு பிரிவுகள். எந்த நடவடிக்கையும் எடுக்கலாம் என்றது ஒரு பிரிவு. மீறினால் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு பாயும் என்றது இன்னொன்று. நல்லெண்ணத்தோடு செய்த எதற்கும் யார் மீதும் வழக்குப் போட முடியாது என்றது கடைசிப் பிரிவு. 2020இல் ஊரடங்கை மீறியவர்கள் மேல் போலீஸ் எழுதிய ‘188’ இங்கிருந்து வந்ததுதான். 123 ஆண்டுகள் கழித்துத் தூசி தட்டி எடுத்தபோதும் அந்தச் சட்டம் நன்றாகவே வேலை செய்தது. அதை எண்ணிப் பெருமைப்படவா, பயப்படவா என்பது வாசகர் பாடு.

மார்ச் மாதம் ஸ்னோவின் கையிலிருந்து பொறுப்பு பறிபோனது. ஆளுநர் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு, பிரிகேடியர் ஜெனரல் டபிள்யூ.எஃப். கட்டேக்கர் என்ற படைத்தளபதியின் தலைமையில் பிளேக் கமிட்டி அமைத்தார். தேடுதல் குழுக்கள் விடியலில் ஒரு தெருவைச் சூழ்ந்துகொண்டு ஒவ்வொரு அறையாகப் புகுந்தன. பம்பாயின் ‘சால்’ எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரே நடைக்கு இருபுறமும் வரிசையாக இருட்டறைகள். நோயாளியைப் பரணில் ஏற்றினார்கள். பெட்டிக்குப் பின்னால் படுக்கவைத்தார்கள். கூரை வழியாக அடுத்த கட்டடத்துக்குக் கடத்தினார்கள். வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று ஓட்டைப் பிரித்தார்கள் அதிகாரிகள். குடியிருக்க லாயக்கில்லை என்று தீர்ப்பான வீடுகளின் சுவரில் ஆங்கிலத்தில் ‘யு.எச்.எச்.’ என்று மூன்றெழுத்து எழுதிப்போனார்கள். சாக்கடைகளில் கடல் தண்ணீரும் கார்பாலிக் அமிலமும் ஆறாகப் பாய்ந்தன. சாக்கடைக்குள் இருந்த எலிகள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருக்கும் என்று இப்போது நாம் சிரிக்கலாம். எலியின் தெள்ளுப்பூச்சிதான் நோயைச் சுமக்கிறது என்பதை அன்று யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

கட்டேக்கரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. பேசுவார். சமூகத் தலைவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்கள் ஆட்களுக்கு நீங்களே ஆஸ்பத்திரி வையுங்கள், உங்கள் சமையல்காரரை வையுங்கள், உங்கள் பெண்களைப் பெண்களே பார்க்கட்டும் என்றார். பார்சிகள், கோஜாக்கள், பாட்டியாக்கள் என்று சமூகவாரி ஆஸ்பத்திரிகள் முளைத்தன. சாதிப் பிரிவினைக்கு அரசே கொட்டகை போட்டுக்கொடுத்ததாக இன்றைக்கு நமக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனால் ஆர்தர் ரோட்டுக்குப் போக மறுத்தவர்கள் அங்கே தாமாக நடந்துவந்தார்கள். வெளியே நின்று எட்டிப்பார்க்க முடிந்த ஆஸ்பத்திரிக்கு வதந்தி ஒட்டவில்லை.

பூனாவில் இந்தப் பேச்சுவார்த்தையே கிடையாது. அங்கே பிளேக் கமிட்டித் தலைவராக வந்தவர் டபிள்யூ.சி. ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. உள்ளூர் ஆட்களை நம்பாதவர். மார்ச் நடுவிலிருந்து மே மூன்றாம் வாரம் வரை வெள்ளைப் பட்டாளத்தை வீடுகளுக்குள் அனுப்பினார். பூட்ஸ் காலோடு சமையலறைக்குள்ளும் பூசையறைக்குள்ளும் நுழைந்தது, பெண்களைத் தெருவில் நிறுத்தி அக்குளையும் தொடையிடுக்கையும் சோதித்தது, சாமான்கள் காணாமல் போனது என்று புகார்கள் குவிந்தன. பண்டித ரமாபாய் பிளேக் ஆஸ்பத்திரியில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பத்திரிகைக்கு எழுதினார். அவர் அரசை வெறுத்தவரல்ல, மூடநம்பிக்கையை ஆதரித்தவருமல்ல, கிறிஸ்தவர், சீர்திருத்தவாதி. அவரை ‘அறியாமை’க் கணக்கில் சேர்க்க முடியாமல் அதிகாரிகள் திணறினார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் நோயை மறுத்தவர்கள் என்ற எண்ணத்துக்குப் பூனாவே மறுப்பு. திலகர் ஊரைவிட்டு ஓடவில்லை. ஓடிய பெரிய மனிதர்களைத் திட்டினார்; சுகாதார நடவடிக்கை தேவை என்று ஒப்புக்கொண்டு, நடத்தும் விதத்தைத்தான் எதிர்த்தார்; இந்துக்களுக்காக ஒரு பிளேக் ஆஸ்பத்திரியும் நடத்தினார். ஊருக்கு வெளியே, மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சைக் கொட்டகைக்கு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்த சாவித்ரிபாய் புலே, அதே நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்துபோனார். ராண்டின் பட்டாளம் வேலையைத் தொடங்கச் சில நாட்களே இருந்தன.

பிறகு நடந்தது பாடப்புத்தகத்தில் இருப்பதால் வேகமாகக் கடப்போம். 1897 ஜூன் 22, விக்டோரியா ராணியின் வைரவிழா இரவு. கணேஷ்கிண்ட் ஆளுநர் மாளிகையிலிருந்து திரும்பிய ராண்டும் லெப்டினன்ட் அயர்ஸ்டும் சுடப்பட்டார்கள். அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார், ராண்ட் ஜூலை 3இல். தாமோதர் ஹரி சாபேகரும் பிறகு அவருடைய தம்பிகளும் தூக்கிலிடப்பட்டார்கள். பம்பாயில் ராணி சிலைக்குத் தார் பூசியது தாமே என்று எழுதிவைத்தவர் இந்தத் தாமோதர்தான். சீர்திருத்தக்காரர்களையும் காங்கிரஸ்காரர்களையும் வெறுத்த மனிதர். அவரைப் பிளேக் கொடுமைக்கு மட்டும் பழிவாங்கியவராகப் பார்ப்பது பாதிப் படம். திலகருக்கு, அவருடைய கேசரி பத்திரிகையில் வந்த எழுத்துக்காக ராஜதுரோக வழக்கில் 18 மாதக் கடுங்காவல். லண்டனில் இருந்த கோகலே, நண்பர்களின் கடிதங்களை நம்பி, பட்டாளத்தார் இரண்டு பெண்களைக் கெடுத்ததாகப் பத்திரிகையிடம் சொன்னார். ஊர் திரும்பியபோது சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எத்தனை பேர் செத்தார்கள் என்பதைப் போலவே, எத்தனை அத்துமீறல் நடந்தது என்பதும் எண்ண முடியாத ஒன்றாகவே நின்றுவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. சொல்வதால் தனக்குக் கெடுதல்தான் வரும் என்று தெரிந்தவர் எதற்காக வாய் திறப்பார்?

பம்பாய் அடங்கிவிட்டதாக நினைத்தபோது அடுத்த பருவம் வந்தது. பிளேக் அங்கே ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தலைதூக்கிக் கோடையில் படுத்துக்கொள்ளும். 1898 மார்ச் 9 அன்று மதன்புரா பகுதியில் ஜுலாஹா எனப்படும் முஸ்லிம் நெசவாளர் வீடொன்றில் 12 வயதுச் சிறுமிக்குக் காய்ச்சல். தேடுதல் குழுவுக்கு அவளைக் காட்ட வீட்டார் மறுத்தார்கள். வாக்குவாதம் தெருவுக்கு வந்தது, தெரு கலவரமானது, போலீஸ் சுட்டது. இரு பக்கமும் உயிர்கள் போயின. வண்டிக்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலைக்கு வராமல் நகரம் ஸ்தம்பித்தது. அதே ஆண்டு நவம்பரில் மைசூர் சமஸ்தானத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கலவரம். 1900 ஏப்ரலில் கான்பூரில் பிளேக் முகாமையே கும்பல் தாக்கியது.

இத்தனை இரைச்சலுக்கு நடுவில், பரோடாவை அடுத்த உந்தேரா என்ற சிற்றூரில் ஓர் எளிய காரியம் நடந்தது. ஹாஃப்கின் 1897 ஜனவரியிலேயே பிளேக் தடுப்பூசியைத் தன் உடம்பில் போட்டுப் பார்த்து, பைகல்லா சிறைக் கைதிகளிலும் சோதித்திருந்தார். 1898 பிப்ரவரியில் உந்தேராவுக்குப் போய் ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஊசி போட்டார்கள். மீதிப் பேருக்குப் போடவில்லை. ஒரே கூரை, ஒரே சோறு, அதே எலிகள். பிறகு நோய் புகுந்த குடும்பங்களில் ஊசி போட்டவர்கள் 71, போடாதவர்கள் 64. சில வாரம் கழித்துப் பார்த்தால், போடாதவர்களில் 27 பேருக்கு நோய், 26 சாவு. போட்டவர்களில் 8 பேருக்கு நோய், 3 சாவு.

நோயாளிகள் 27தானா, லேசாக வந்துபோனவர் இன்னும் சிலர் இருந்தார்களா என்று இங்கேயும் சந்தேகிக்கலாம். அந்தச் சந்தேகம் இந்தக் கணக்கைத் தொடாது. ஊசி போட்டவர் யார், போடாதவர் யார் என்பதை ஊசி போட்டபோதே எழுதிவைத்துவிட்டார்கள்; செத்தவர்களை ஊரே அறியும். 64இல் 26 எங்கே, 71இல் 3 எங்கே? நூறு நோயாளிகளில் எத்தனை பேர் சாவார்கள் என்ற, யாராலும் சொல்ல முடியாத எண்ணை நம்பாமலே ஹாஃப்கின் தன் வாதத்தை நிறுத்திக்காட்டினார். பம்பாயில் ஆயிரக்கணக்கான வீடுகளை உடைத்துத் தேடியவர்களுக்குக் கிடைக்காத எண், கேட்டுக்கொண்டு உள்ளே போனவர்களுக்கு ஒரு சிற்றூரில் கிடைத்தது. பேராசிரியர் டி.ஆர். ஃபிரேசர் தலைமையில் வந்த இந்தியப் பிளேக் கமிஷன், தடுப்பூசிப் புள்ளிவிவரங்களில் குறைகள் உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் தடுப்பூசிக்குப் பலன் உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஊசியும் வதந்திக்குத் தப்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1898 மே மாதம் கல்கத்தாவில், ஊசியைக் கட்டாயமாகப் போடப்போகிறார்கள் என்ற பேச்சே தெருக்களைக் காலி செய்தது. பம்பாயில் ஆகா கான் தன் கோஜா மக்கள் பார்க்கும்படி தானே ஊசி போட்டுக்கொண்டு வழிகாட்டினார்.

நம் பக்கத்துச் சென்னை மாகாணம் வேறு ஒரு வழியைப் பிடித்தது. பிளேக் உள்ள ஊரிலிருந்து ரயிலில் வருகிறவருக்குப் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்று ஒரு சீட்டு. போகுமிடத்தின் விலாசத்தைக் கொடுத்துவிட்டு, பத்து நாள் தினமும் போய் ஆளைக் காட்ட வேண்டும். தொல்லைதான், லஞ்சத்துக்கும் இடமுண்டு. ஆனாலும் பட்டாளம் அடுப்படிக்குள் வரவில்லை, நோயாளியாகும் முன்பே ஆளின் பெயர் ஏட்டில் ஏறியிருந்தது. பம்பாய், பஞ்சாபோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் பிளேக் சாவு மிகக் குறைவு. பெருமையெல்லாம் பாஸ்போர்ட்டுக்கே என்று சொல்லத் துணியமாட்டேன். நம் சீதோஷ்ணத்துக்கும் இங்குள்ள தெள்ளுப்பூச்சிகளுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். சேலத்தையும் கோயம்புத்தூரையும் நோய் விட்டுவைக்கவுமில்லை. கோவையில் இன்றும் பூசை நடக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்தவை.

1898 முடிவிலிருந்து அரசு படிப்படியாக இறங்கிவந்தது. பட்டாளத் தேடுதல் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கட்டாயமாகக் கொண்டுபோவது கைவிடப்பட்டது. விருப்பமுள்ளவர் ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொள்ளலாம், விருப்பமுள்ளவர் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றானது. கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898 ஜூனில் தெள்ளுப்பூச்சியின் பங்கைச் சோதனையில் காட்டியபோது நம்ப ஆளில்லை. அரசின் ஆராய்ச்சிக் குழு அதை உறுதிப்படுத்த இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன.

இதில் கசப்பான விஷயம் வேறு. கலவரங்கள் நடந்த ஆண்டுகளில் பிளேக் சாவு, பின்னால் வந்ததோடு பார்த்தால், சிறிது. 1904இல் இந்தியாவில் ஒரே ஆண்டில் பிளேக்குக்குப் பலியானவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். 1907இல் மறுபடியும் தாண்டினார்கள். பஞ்சாபில் ஊர் ஊராகக் காலியானது. அப்போது கதவை உடைத்த பட்டாளம் இல்லை, கல்லெறிந்த கூட்டமும் இல்லை. வெனிஸில் மாநாடு கூட்டியவர்களின் அக்கறையும் தணிந்துவிட்டது. பட்டாளம் போன பிறகு மறைக்கக் காரணம் குறைந்தது. பதிவேடு முன்னைவிட நேர்மையாக நிரம்பியது. அப்படி நிரம்பியதைப் படித்து அதிர்ச்சியடையத்தான் ஆள் குறைவு.

அரசிடம் மிஞ்சியிருந்த முக்கிய ஆயுதம் ஹாஃப்கினின் ஊசி. அதன் மேல் 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் பெரும் பழி விழுந்தது. அன்று ஊசி போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் இறந்தார்கள், பிளேக்கால் அல்ல, தனுர்வாயுவால். 19 பேருக்கும் ஒரே புட்டியிலிருந்து எடுத்த மருந்து. புட்டியைத் திறந்தவரின் கை சுத்தமில்லையா, பம்பாய்ச் சோதனைக்கூடம் சுத்தமில்லையா என்ற கேள்வி ஐந்து ஆண்டுகள் ஹாஃப்கினின் வாழ்க்கையைத் தின்றது.

(தொடரும்)